உண்ணாத கோழியும் உழைச்செல்வானும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் முடிகிற இடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உழைச்செல்வான் என்பவை அந்நான்கு. முதல் மூன்றைப் பற்றியும் நாம் ஓயாமல் பேசுகிறோம். நான்காவதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடுகிறோம். ‘உழை’ என்றால் பக்கம், அருகிடம். நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்தைப் பிழையாமல் இயற்றுகிறவரே உழைச்செல்வான். மருத்துவரோடும் மருந்தோடும் ஒத்த ஒரு கூறாக அவரையும் வைத்து எண்ணியது சிறிய செய்தியில்லை.

இந்தச் சொல்லை இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது, இரையும் நீரும் எடுக்காமல் முற்றத்து மூலையில் குறுகி நிற்கும் ஒரு வீட்டுக்கோழியைப் பற்றிப் பேசுவதற்காக. கோழிக்கு வள்ளுவரா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கோழிக்குச் சீக்கு வந்தால் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அலகைப் பிளந்து எதையாவது உள்ளே ஊற்றுவார்கள். அல்லது சாவதற்குள் அறுத்துவிடுவார்கள். முதலாவதற்கு அன்பு என்றும் இரண்டாவதற்குச் சிக்கனம் என்றும் பெயர். எனக்கோ இரண்டும் ஒரே பொறுமையின்மையின் இரு வடிவங்களாகவே தோன்றுகின்றன. பக்கத்தில் இருந்து பார்ப்பது என்னும் வேலையை இரண்டுமே தட்டிக்கழிக்கின்றன. அந்த வேலைக்கு அறிவு வேண்டும் என்பதையும், அந்த அறிவு உள்ளவர்களை நாம் மதிப்பதில்லை என்பதையும் சொல்லவே இக்கட்டுரை.

தமிழில் சேவலுக்கு உள்ள இடம் பெரியது. அது முருகனின் கொடியில் நிற்கிறது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி, விடியலை அறிவிக்கும் கோழிக்குரல் கேட்டு நெஞ்சம் துணுக்குறுகிறாள். சோழர் தலைநகரான உறையூருக்கே கோழி என்றொரு பெயர் உண்டு. யானையோடு பொருத கோழியின் கதை அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் காலத்திலும் ம. தவசியின் ‘சேவல்கட்டு’ நாவல், 2011இல் வெளிவந்த ‘ஆடுகளம்’ திரைப்படம் என்று சேவலின் வீரம் தொடர்கிறது.

முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் பெட்டைக்கோழி எங்கே? பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. முற்றத்தில் காயவைத்திருக்கும் தானியத்தைக் கவர வரும் கோழியை, மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். விழுந்த பொற்குழை, சிறுவர் உருட்டும் விளையாட்டுத் தேருக்குத் தடையாகக் கிடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செழிப்பைக் காட்ட வந்த காட்சி. அந்தக் கோழி தின்ன வந்தது. அதனால் பாட்டுக்குள்ளும் வந்தது. தின்ன வராத கோழி பாட்டுக்குள் வர வழியில்லை. ஆனால் அதே முற்றத்தில், ‘இன்றைக்கு ஒன்று குறைகிறதே’ என்று எண்ணிப் பார்த்த பெண் ஒருத்தி எந்தக் காலத்திலும் இருந்திருப்பாள். என் அக்கறை அவள்மீதுதான்.

*

எதிர்வாதத்தை முதலில் பார்த்துவிடலாம். ஒரு நாட்டுக்கோழியின் விலை சில நூறு ரூபாய். அதைத் தூக்கிக்கொண்டு பேருந்தேறிக் கால்நடை மருந்தகத்துக்குப் போய்வந்தால் அரைநாள் கூலி போயிற்று. நாட்டுக்கோழி ஆண்டுக்கு இடுவதோ ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள். பண்ணைக்கென்று உருவாக்கிய இனங்கள் 300ஐத் தொடுகின்றன. இதற்கு ஏன் இத்தனை பாடு?

பண்ணையில் இந்தக் கேள்வி நியாயமானது. நாமக்கல் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கில் கோழிகள் இருக்க, அவற்றுள் ஒன்று நோயுற்றால் அது மொத்த மந்தையைப் பற்றிய செய்தி. அதைப் பிரித்தெடுத்து, இறந்தால் அறுத்துப் பார்த்து, காரணம் கண்டு, மற்றவற்றைக் காப்பதே அங்கே சரியான மருத்துவம். நம் கால்நடை அறிவியல் இந்த வகையில் அடைந்த வளர்ச்சி சாதாரணமானதன்று. 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1985இல் நாமக்கல்லில் ஒரு கல்லூரி வந்தது. 1989இல் கால்நடைகளுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் உருவாயிற்று. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை.

ஆனால் நான்கு கோழி வளர்க்கும் வீட்டைச் சிறிய பண்ணை என்று எண்ணிவிட முடியாது. அதன் கணக்கு வேறு. ஒரு பெட்டைக்கோழி என்பது அடுத்த ஈட்டுக்குரிய பத்துப் பன்னிரண்டு முட்டை, அவற்றை 21 நாள் அடைகாக்கும் உடற்சூடு, பருந்துக்கும் கீரிக்கும் எதிரே இறகு சிலிர்த்து நிற்கும் காவல். இவை சந்தை விலையில் ஏறுவதில்லை. மேலும், கிராமத்து வீடுகளில் ஆட்டையும் மாட்டையும் விற்கும் முடிவு பெரும்பாலும் ஆண்களுடையது. கோழியும் முட்டையும் விற்ற காசுதான், யாரையும் கேட்காமல் பெண்ணின் முந்தானையில் முடியப்படும் காசு. பிள்ளையின் நோட்டுப்புத்தகமும் கோயில் காணிக்கையும் அதிலிருந்து வந்திருக்கின்றன. ‘ஒரு கோழிதானே’ என்று சொல்பவர் யாருடைய சொத்தைப் பற்றிச் சொல்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

*

உண்ணாமை ஒரு நோயன்று. பல நோய்களின் பொது அறிகுறி. அது வெளிப்படும்போது ஏற்கெனவே காலம் கடந்திருக்கும் என்பதுதான் சிக்கல். பிற உயிர்களுக்கு இரையாகும் உயிர் தன் தளர்ச்சியை வெளிக்காட்டுவதில்லை. கூட்டத்துக்குள்ளும் கொத்துமுறை என்றொரு அதிகார அடுக்கு உண்டு. தளர்ந்ததை மற்றவை கொத்தும். ஆகவே நோயுற்ற கோழி மற்றவற்றோடு ஓடிவரும், தலையைக் குனிந்து தரையைக் கொத்தும், ஆனால் ஒரு மணியும் விழுங்கியிருக்காது. இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளிழுத்து, கண் செருகி நிற்கும் நிலைக்கு வந்துவிட்டதென்றால், அந்த நடிப்புக்கும் அதனிடம் தெம்பில்லை என்று பொருள்.

இதை முந்திக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அன்றாடப் பார்வை வேண்டும். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது கடைசியாக வெளியே வந்தது எது? கொண்டை சிவந்திருக்கிறதா, வெளிறியோ கருத்தோ போயிருக்கிறதா? எச்சம் பச்சையா, வெள்ளையா, இரத்தம் கலந்திருக்கிறதா? மாலையில் அடையும்போது கழுத்தடியில் உள்ள தீனிப்பை நிரம்பியிருக்கிறதா? அதே பை மறுநாள் விடியலில் வற்றியிருக்கிறதா? விடிந்தும் அது கல்போல இறுகிக் கிடந்தால் நாரோ நூலோ நீண்ட புல்லோ அடைத்திருக்கலாம். நீர் நிறைந்த பலூன்போலத் தொங்கி, வாயில் புளித்த வாடை வீசினால் உள்ளே இருப்பது நொதித்துவிட்டது. தீனிப்பையைத் தொட்டுப் பார்க்காமல் ‘கோழி தின்னவில்லை’ என்று சொல்வது பாதிச் செய்திதான்.

நோயல்லாத உண்ணாமையும் உண்டு. அடைக்கு உட்கார்ந்த கோழி நாளுக்கு ஒருமுறை எழுந்து அவசரமாக இரை பொறுக்கிவிட்டுத் திரும்பிவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. இறகுதிர்க்கும் பருவத்தில் சோர்ந்திருக்கும். கோடை நண்பகலில் அலகைத் திறந்து இளைக்கும்போது எந்தக் கோழிக்கும் இரை வேண்டாம். நிழலும் குளிர்ந்த நீரும்தான் வேண்டும். முட்டை உள்ளே சிக்கிக்கொண்ட கோழியோ நிமிர்ந்து நின்று, வாலை ஏற்றியிறக்கி முக்கிக்கொண்டிருக்கும். ஒரு முட்டையோட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்தை அது தன் உடலிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அந்த நிலையில் அதற்குத் தேவை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேர இருப்பும் இருட்டும் அமைதியும். அதற்கும் வழிவிடாவிட்டால் மருத்துவர். இவை ஒவ்வொன்றையும் பிரித்தறிவதே உழைச்செல்வானின் கல்வி.

*

இனி அலகைப் பிளக்கும் அன்பைப் பற்றி. நம் பண்பாட்டில் அன்பின் முதல் வினை ஊட்டுதல். வந்தவரை ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்கிறோம். நோயாளியின் தலைமாட்டில் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்கிறோம். யாரேனும் உண்ணாதிருந்தால் நம் அன்பையே மறுத்துவிட்டதுபோல் தவிக்கிறோம். அந்தத் தவிப்பைத்தான் கோழியின் தொண்டைக்குள்ளும் திணிக்கிறோம்.

கோழியின் உடல் அதற்கு ஏற்றதாக அமையவில்லை. நமக்குக் குரல்வளையின் மேல் ஒரு மூடி உண்டு. விழுங்கும்போது அது மூச்சுவழியை மறைக்கும். பறவைக்கு அந்த மூடி இல்லை. நாக்கின் பின்புறத்திலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. அலகில் நீரை முகந்து, தலையை நிமிர்த்தி, சிறுகச் சிறுக உள்ளே வழியவிட்டுத்தான் கோழி குடிக்கும். தளர்ந்து கிடக்கும் கோழியைப் பிடித்துச் சங்கில் ஊற்றுவதுபோல் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். ‘மருந்து கொடுத்தும் செத்துவிட்டது’ என்று சொல்லப்படும் கோழிகளுள் சில, கொடுத்த விதத்தாலேயே செத்திருக்கும்.

அப்படியானால் செய்ய வேண்டிய வரிசை என்ன? முதலில் பிரித்து வைத்தல். இது அதன் ஓய்வுக்காக மட்டுமன்று, மற்றக் கோழிகளின் பாதுகாப்புக்காகவும். அடுத்தது சூடு. கோழியின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இரையில்லாத உடல் அதைக் காக்க முடியாமல் குளிர்ந்துபோகும். வைக்கோலும் சாக்கும் இட்ட பெட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் குண்டுபல்பு, சூடு மிகுந்தால் விலகிப்போக மறுபக்கத்தில் இடம், இவ்வளவு போதும். குளிர்ந்த உடலுக்குள் போகும் தீனி செரிக்காமல் தீனிப்பையிலேயே புளிக்கும். ஆகவே சூட்டுக்குப் பின்னரே நீர், நீருக்குப் பின்னரே இரை. வயிற்றுப்போக்குக்கு நாம் குடிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் போன்ற ஒன்றை, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால், பெரும்பாலும் அது தானே உறிஞ்சி விழுங்கும். விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. நீர் இறங்கி எச்சம் ஒழுங்குபட்ட பின்னர் நெகிழ்வான குருணைக் கஞ்சி, கம்பங்கூழ், பிசைந்த மஞ்சள்கரு. இத்தனைக்கும் ஒரு நாள் முழுவதும் ஆகலாம்.

என் அத்தை ஒருவர் சிவகங்கைப் பக்கத்தில் கோழி வளர்த்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். சீக்குக்கோழியைத் தனிப் பஞ்சாரத்தில் வைத்து, சிரட்டையில் நீர் ஊற்றி, அதன் அலகு நுனியை மட்டும் ஒருமுறை நனைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்வார். இன்னும் கொஞ்சம் ஊற்றலாமே என்று கேட்டதற்கு, “அவசரப்படாதய்யா, தொண்ட நனஞ்சா அதுவே கேக்கும்” என்றார். மூச்சுக்குழலின் அமைப்பை அவர் படித்ததில்லை. ஆனால் அவர் செய்ததற்கும் மேலே நான் எழுதியதற்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

*

இதனால் பழமை அனைத்தும் சரி என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். பக்கத்தில் இருப்பதால் மட்டும் தீராத நோய்கள் உண்டு. அவற்றுள் தலையாயது வெள்ளைக்கழிச்சல். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் கண்டறியப்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. அதையடுத்த ஆண்டுகளில் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் ராணிக்கேத் நோய் என்றே பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் என்று போகும் அந்த வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே வழி. சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். அது தெம்புக்கு உதவலாம். தடுப்பூசியின் இடத்தை நிரப்பாது.

குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி என்பது வழக்கமான முறை. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் கோழிக்கழிச்சலுக்கென இருவாரத் தடுப்பூசி முகாம்களை நடத்திவருகிறது. புறக்கடைக் கோழிகளைப் பிடிப்பதே பெரும்பாடு என்பதை அறிந்து, தீவனமாகவே கொடுக்கத்தக்க குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரை எடுக்கும் கோழிக்குத்தான் அந்த மருந்து. உண்ணாத கோழிக்கு மருத்துவம் தொடங்க வேண்டிய நாள், அது நன்றாக உண்டுகொண்டிருந்த நாள்.

மருந்துக்கடையில் மனிதர்களுக்கான மாத்திரையை வாங்கிப் பொடித்துக் கொடுக்கும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எந்த நோய் என்று அறியாமல், அளவு தெரியாமல் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கோழியையும் காப்பதில்லை. முட்டை வழியாக நமக்கும் வந்து சேர்கிறது. கடைசிப் புகலாக மனித மருத்துவம் வைத்திருக்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தை, உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019இல் இந்திய அரசு தடைவிதித்தது இந்த அச்சத்தினால்தான்.

இப்போது ‘சாவதற்குள் அறுப்பது’ என்னும் சிக்கனம். அதனினும் கொடியது, சீக்கு தெரிந்ததும் கூடையில் போட்டுச் சந்தைக்கு அனுப்புவது. விற்றவருக்கு நட்டம் தப்பிவிடுகிறது. வாங்கியவர் அதைக் கொண்டுபோய்த் தன் கோழிகளோடு விடுகிறார். பத்து நாளில் அந்தத் தெருவில் கோழி கூவுவது நின்றுவிடும். அறுத்த வீட்டிலும் இறகும் குடலும் குப்பைமேட்டுக்குப் போகின்றன. அங்கே மேய வருவது பக்கத்து வீட்டுக் கோழி. ஊரில் ‘சீக்கு விழுந்துவிட்டது’ என்று ஏதோ வானத்திலிருந்து விழுந்ததுபோல் சொல்கிறோம். அது கூடையில் நடந்து வந்தது.

உழைச்செல்வதற்கும் எல்லை உண்டு. ஒன்று நோயுறுவது வேறு. ஓரிரு நாளில் பல கோழிகள் காரணமின்றிச் சாவது வேறு. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்ட பிறகு, இந்த வேறுபாட்டை அறியாதிருக்க நமக்கு உரிமையில்லை. அப்படி நேர்ந்தால் தொடாமல், தின்னாமல், விற்காமல், கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்வதுதான் செய்ய வேண்டியது. ஒற்றைக் கோழியைப் பராமரிக்கும்போதும் கையைச் சோப்பிட்டுக் கழுவுவது அந்தப் பராமரிப்பின் ஒரு பகுதியே.

*

இத்தனை செய்தும் கோழி மூன்றாம் நாள் செத்துப்போகலாம். பல நேரம் அப்படித்தான் ஆகிறது. தேறாது என்று தெரிந்தபின் துன்பத்தை நீட்டாமல் முடித்துவைப்பதும் பராமரிப்பின் ஒரு கடமையே; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்க்காமல் முடிப்பதும் பார்த்தபின் முடிப்பதும் ஒன்றாகா. பார்த்தவர் மற்ற மூன்று கோழிகளையும் பிரித்து வைத்திருப்பார். எச்சத்தின் நிறத்தைச் சொல்வார். இறந்ததை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பார். அடுத்த முகாமுக்குக் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போவார்.

கால்நடை மருந்தகத்தில் கோழியைக் கொண்டுபோனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “எப்போதிலிருந்து தீனி எடுக்கவில்லை?” என்பது. ஊசி, ஆய்வகம், மருந்து எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தக்கவர், மடியில் கோழியை வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருக்கும் அந்தப் பெண் ஒருவரே. மாட்டைப் பிடித்துக்கொண்டு வருபவரை முன்னே விட்டு, ‘கோழிதானே, நில்லும்மா’ என்று அவரை ஒதுக்குவதை நாம் கண்டிருக்கிறோம். அவர் சொல்லும் விடையை முழுதாகக் கேட்டு, சீட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் வர வேண்டும் என்பதே நான் கேட்பது. இதற்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம். கோழியோடு வருபவரையும் மருத்துவத்தில் ஒரு கூறாக எண்ணினால் போதும்.